திரவியம் என்ற சொல்லும் ஒரு மாணவனின் கழுத்தும்

1697 ஜனவரி 8ஆம் திகதி, எடின்பரோவிலிருந்து லீத் துறைமுகத்துக்குப் போகிற வழியில், தோமஸ் ஐக்கன்ஹெட் என்ற பல்கலைக்கழக மாணவனைத் தூக்கிலிட்டார்கள். இருபது வயது. தாய் தகப்பன் இல்லாத பெடியன். தெய்வநிந்தனை என்பது குற்றச்சாட்டு. சாட்சி சொன்னவர்கள் கூடப் படித்த பெடியங்கள். விவிலியத்தைப் பரிகசித்தான், ஒரு கடவுள் மூன்று ஆட்கள் என்ற திரித்துவக் கொள்கை மறுத்துப் பேசக்கூடத் தகுதியில்லாதது என்றான், ஒருவரே கடவுளும் மனிதனுமாய் இருப்பது ஆடும் மானுமாய் ஒரு மிருகம் இருப்பது மாதிரி என்றான். இதெல்லாம் குற்றப்பத்திரிகையில் இருந்தது. ஓர் இரவு தேவாலயத்தைக் கடந்து போகும்போது குளிர் தாங்கமுடியாமல், நரகத்துக்குப் போனாலாவது கொஞ்சம் சூடு பிடிக்கலாம் என்று பகிடி விட்டானாம். அதையும் ஒருவன் ஞாபகம் வைத்திருந்து சொல்லிப்போட்டான்.

1695இல் வந்த புதுச் சட்டப்படி மூன்றாம் தடவை பிடிபட்டால்தான் மரணதண்டனை. ஐக்கன்ஹெட்டுக்கு இது முதல் தடவை. ஆனால் அதைவிடக் கடுமையான 1661ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். அவன் மன்னிப்புக் கேட்டான். திருச்சபை பரிந்து பேசினால் யோசிக்கலாம் என்றது பிரிவி கவுன்சில். திருச்சபை பேசவில்லை. பிரித்தானியாவில் தெய்வநிந்தனைக்காகத் தூக்கில் தொங்கிய கடைசி ஆள் அவன்தான்.

அந்த வழக்குத் தொடர்பான தாள்களின் பிரதிகள் ஜோன் லொக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அப்போது லொக்குக்கு 64 வயது. இங்கிலாந்தில் பெயர்பெற்ற மெய்யியலாளர். அதே மாதங்களில் வூஸ்டர் ஆயர் எட்வர்ட் ஸ்டிலிங்ஃப்ளீட், லொக்கின் எழுத்தால் திரித்துவத்துக்கு ஆபத்து வருகிறது என்று புத்தகமே போட்டிருந்தார். சண்டைக்குக் காரணம் ஒரு சொல்.

மெய்யியலை ஒரு பாடமாக எடுத்த எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். ஆங்கிலத்தில் சப்ஸ்டன்ஸ். எங்கட நோட்ஸில் ஓரிடத்தில் பதார்த்தம் என்று வரும், இன்னோரிடத்தில் திரவியம், வேறோரிடத்தில் வெறுமனே பொருள். நான் இங்கே திரவியம் என்றே எழுதுகிறேன். அதற்குச் செல்வம் என்ற அர்த்தமும் இருக்கு என்பது தெரியும், ஆனால் பொருளுக்கும் அதே சிக்கல்தான். பதார்த்தம் என்றால் விஞ்ஞான வகுப்புத்தான் ஞாபகத்துக்கு வருது. பரீட்சைக்குப் படிக்கும்போது இது மூன்று படி ஏணி. லொக் திரவியம் உண்டு, ஆனால் அது என்னவென்று அறிய முடியாது என்றார். பார்க்ளி சடத் திரவியத்தை மறுத்து ஆன்மாவை மட்டும் வைத்துக்கொண்டார். ஹியூம் இரண்டையும் மறுத்தார். மூன்று வரி, பாடமாக்கினால் மாக்ஸ் வரும். ஒருவரைவிட அடுத்தவர் கொஞ்சம் கெட்டிக்காரர், அதனால் ஒரு படி கூட ஏறினார் என்கிற மாதிரி ஒரு படம் மனதில் தங்கிவிடும். அந்தப் படத்தோடுதான் எனக்குப் பிரச்சினை. யார் எந்தப் படியில் நின்றார் என்பதில் தர்க்கத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறதோ, எதை அச்சில் போடலாம், எதைப் போடக்கூடாது என்ற கணக்குக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கறுத்தக்கொழும்பான் மரத்தில் ஒரு காய். பச்சை, புளிப்பு, கல்லு மாதிரி. ஆய்ந்து வைக்கோலுக்குள் வைத்தால் கொஞ்ச நாளில் நிறம் மாறும், இனிக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும், வாசம் அறை முழுக்க நிற்கும். நிறம், சுவை, மணம், தொடுகை எல்லாம் மாறியாச்சு. ஆனாலும் "அண்டைக்கு ஆய்ஞ்ச அதே மாங்காய்தான் பழுத்திருக்கு" என்றுதான் சொல்லுவம். அந்த "அதே" எதைக் குறிக்கிறது? குணங்கள் போய்விட்டன, குணங்களை உடைய ஏதோ ஒன்று போகவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த உடையதைத்தான் அரிஸ்டோட்டிலின் வழிவந்தவர்கள் திரவியம் என்றார்கள். லத்தீன் சொல்லின் நேர் அர்த்தம் கீழே நிற்பது. மஞ்சளும் இனிப்பும் தனியாக அந்தரத்தில் தொங்காது, எதன்மேலாவது இருக்கவேண்டும், அந்த எது கீழே நின்று தாங்குகிறது. சைவசித்தாந்தம் எட்டிப் பார்த்தவர்களுக்குக் குணம், குணி என்ற சோடி ஞாபகம் வரலாம்.

மாங்காய்க்காக யாரும் யாரையும் தூக்கிலிடுவதில்லைத்தான். ஆனால் கிறிஸ்தவத்தின் இரண்டு பெரிய கொள்கைகள் இதே சொல்லில் கட்டப்பட்டிருந்தன. 325இல் நிசேயா சங்கம் மகன் தந்தையோடு ஒரே திரவியம் என்று தீர்மானித்தது. ஒரு திரவியம், மூன்று ஆட்கள் என்பது திரித்துவத்தின் இலக்கணமாகிப் போனது. 1215இல் நாலாம் லாத்தரன் சங்கமும் 1551இல் திரெந்து சங்கமும் நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் திரவிய அளவில் மாறுகின்றன என்றன. எங்கட மாங்காயின் கதையை அப்படியே தலைகீழாக்கினால் இது வரும். அங்கே குணம் எல்லாம் மாறுகிறது, கீழே நிற்பது மாறவில்லை. இங்கே அப்பத்தின் நிறம், சுவை எல்லாம் அப்படியே இருக்கிறது, கீழே நிற்பது மட்டும் மாறிவிடுகிறது.

இங்கிலாந்தில் இது உத்தியோக விஷயமும் கூட. 1673ஆம் ஆண்டின் டெஸ்ட் சட்டப்படி, அரச பதவியோ படைப் பதவியோ வகிக்கிற ஒருவர் நற்கருணையில் அப்படியொரு திரவிய மாற்றம் நடப்பதில்லை என்று எழுத்தில் ஒப்பமிட வேண்டும். கத்தோலிக்கரை வெளியே வைப்பதற்கு அதுதான் வழி. யோசித்துப் பாருங்கோ, பதவி எடுக்கப்போகிற ஆள் அரிஸ்டோட்டிலின் ஒரு சொல்லைப் பற்றி நிலைப்பாடு எடுக்கவேண்டும். மறுபக்கம், 1689இன் சகிப்புச் சட்டம் பல சபைகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது, திரித்துவத்தை மறுப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஆக, ஒரு திரவியத்தை நம்பினால் பதவி போகும். இன்னொரு திரவியத்தை நம்பாவிட்டால் பாதுகாப்புப் போகும்.

இந்தக் கதை எங்கட கரையையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அரசருக்கு எதிரான அணியில் இருந்த லொக் 1683இல் நாட்டைவிட்டு ஓடி, 1689 வரை ஒல்லாந்தில் ஒளிந்தும் ஒளியாமலும் இருந்தார். மதச் சகிப்புப் பற்றி எழுதியதும், அவருடைய பெரிய நூலை எழுதி முடித்ததும் அங்கேதான். அந்த நாட்டில் கத்தோலிக்கர் ஒதுக்குப்புற வீடுகளுக்குள் வழிபட்டால் அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டார்கள். அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்து, குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரணதண்டனை என்று கட்டளை போட்டிருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் வேஷத்தில் வந்திறங்கி, சில்லாலையில் தங்கி, இரவுகளில் மறைவாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். லொக் அம்ஸ்டர்டாமிலும் ரொட்டர்டாமிலும் இருந்து திரவியம் என்பது வெறும் சொல்லா என்று யோசித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், சில்லாலைச் சனங்கள் அந்தச் சொல் குறிக்கிற ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைத்தார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய பாடப்புத்தகம் எதையும் நான் காணவில்லை.

லொக் அடிப்படையில் மருத்துவம் படித்தவர். ஒக்ஸ்போர்டில் ரொபேர்ட் பொயிலோடு பழகினவர், லண்டனில் தோமஸ் சிடன்ஹாமோடு நோயாளிகளைப் பார்த்தவர். 1668இல் அஷ்லி பிரபுவின் ஈரலில் இருந்த கட்டியை வெட்டிக் குழாய் வைத்த சத்திரசிகிச்சையை மேற்பார்வை செய்து ஆளைப் பிழைக்கவைத்தவர். இந்தப் பின்னணி முக்கியம். நோயின் சாரம் என்ன என்று கேட்டுக்கொண்டிராமல், காய்ச்சல் எப்ப ஏறுது, எப்ப இறங்குது, எந்த மருந்துக்கு அடங்குது என்று பார்க்கிற கூட்டத்தில் வளர்ந்தவர் அவர். 1689 டிசம்பரில் வெளிவந்த மனித அறிவாற்றல் பற்றிய கட்டுரையில் இதே பழக்கத்தைத் திரவியத்தின்மேலும் பிரயோகிக்கிறார். எந்தக் கருத்தாக இருந்தாலும் அவருடைய கேள்வி ஒன்றுதான்: இது உனக்கு எந்தப் புலன்வழியாக, எந்த அனுபவத்தால் வந்தது?

தங்கத்தை எடுங்கோ, அது லொக்குக்கு மிகப் பிடித்த உதாரணம். மஞ்சள், பாரம், தட்டினால் தகடாகும், சூடாக்கினால் உருகும், இராஜதிராவகத்தில் கரையும். நகை செய்கிறவருக்கு இந்தப் பட்டியல் நீளம். சின்னப்பிள்ளைக்கு மஞ்சளும் மினுக்கமும் மட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் அனுபவத்தால் வந்தது. பட்டியலைத் தாங்குகிற அந்தத் திரவியம்? அதை யாரும் கண்டதில்லை, தொட்டதில்லை. குணங்கள் எப்பவும் சேர்ந்தே வருகின்றன, அவை தாங்களாக நிற்கும் என்று எங்களால் கற்பனை செய்ய முடியவில்லை, அதனால் கீழே ஏதோ இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம். லொக்கின் முடிவு அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அவர் ஓர் இந்தியரைக் கூப்பிடுகிறார். உலகத்தை எது தாங்குகிறது என்று கேட்டால் அந்த இந்தியர் யானை என்கிறார். யானையை? ஆமை. ஆமையை? ஏதோ ஒன்று, என்னவென்று தெரியாது. திரவியம் குணங்களைத் தாங்குகிறது என்று சொல்கிற ஐரோப்பியப் பண்டிதர்களும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார் லொக். வேறோர் அத்தியாயத்தில் இன்னும் குத்தல்: திரவியம் என்ற சொல் மட்டும் தெரிந்திருந்தால் அந்த மனிசனுக்கு யானையைத் தேடுகிற கரைச்சலே இருந்திருக்காதாம். ஆதிசேடன் பூமியைத் தாங்குவது, பாற்கடலில் ஆமை மந்தரமலையைத் தாங்கியது, திக்குகளில் எட்டு யானைகள் நிற்பது எல்லாம் குழம்பிப் பயணிகளின் வாய்வழியாகப் போய் இப்படி ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கட ஆளை வைத்துப் பகிடி பண்ணுகிறாரே என்று முதலில் கோபம் வரும். திருப்பிப் படித்தால் பகிடி யாருக்கு என்று தெரியும். இந்தியர் கடைசியில் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறார். பண்டிதர்கள் தெரியாமையை லத்தீனில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஆயர்மார் சும்மா இருந்திருப்பார்கள். ஆனால் அந்த நூலில் இன்னும் இரண்டு வெடிகள் இருந்தன. ஒன்று, சடப்பொருளுக்குச் சிந்திக்கிற ஆற்றலைக் கடவுள் விரும்பினால் கொடுக்க முடியாதா என்ன என்று போகிறபோக்கில் கேட்கிற இடம். திரவியம் என்ன என்றே தெரியாதபோது, சிந்திப்பது சடமாக இருக்கவே முடியாது என்று எப்படி அடித்துச் சொல்வது? ஆன்மா சடமல்லாத திரவியம், ஆகவே அழியாது என்ற வாதம் இதில் ஆட்டம் கண்டது. மற்றது 1694இல் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயம். நேற்று இருந்த நானும் இன்று இருக்கிற நானும் ஒரே ஆள் என்பதைத் தீர்மானிப்பது ஒரே திரவியம் இருப்பது அல்ல, நேற்றையதை என்னுடையது என்று உணர்கிற நனவுதான் என்றார். ஓர் இளவரசனின் நனவு செருப்புத் தைப்பவரின் உடம்புக்குள் போனால் அங்கே இருப்பது இளவரசன்தான். ஆள் என்பது அவருக்கு நீதிமன்றச் சொல்: புகழோ பழியோ, யார் பொறுப்பு என்று கேட்கும்போது வருகிற சொல்.

1696இல் ஜோன் டோலண்ட் என்ற அயர்லாந்து இளைஞர் லொக்கின் முறையை எடுத்து, கிறிஸ்தவத்தில் விளங்காத மறைபொருள் எதுவும் இல்லை என்று எழுதினார். அடுத்த வருடம் டப்ளினில் அந்த நூலைப் பகிரங்கமாக எரித்தார்கள். ஸ்டிலிங்ஃப்ளீட் எழுந்தது இதன் பின்னால்தான். அவருடைய வாதத்தை முட்டாள்தனம் என்று தள்ளமுடியாது. உம்முடைய வழியில் திரவியம் பற்றித் தெளிவான கருத்தே இல்லை. ஒரு திரவியம் மூன்று ஆட்கள் என்று சொல்ல எங்களிடம் இருக்கிற ஒரே சொல் அது. அதைப் பிடுங்கிவிட்டு எதை வைத்துத் திரித்துவத்தைக் காப்பது? லொக் 1697க்கும் 1699க்கும் இடையில் மூன்று நீண்ட பதில்கள் எழுதினார். திரவியம் இல்லை என்று நான் சொல்லவில்லை, எங்களிடம் உள்ள கருத்து மங்கலானது என்றுதான் சொன்னேன், எங்கள் கருத்து மங்கல் என்பதற்காகப் பொருள் இல்லாமல் போகாது என்றார். நியாயமான பதில். ஆனால் முழுக்கத் தேடினாலும் திரித்துவத்தை நம்புகிறேனா இல்லையா என்பதற்கு நேரான பதில் கிடைக்காது. அவருடைய கையெழுத்துக் குறிப்புகளில் திரித்துவத்துக்கு எதிரான நூல்களை ஊன்றிப் படித்த தடயம் இருக்கிறது. சகிப்புப் பற்றிய நூலையும் அரசாங்கம் பற்றிய நூலையும் பெயர் போடாமல் வெளியிட்டுவிட்டு, 1704இல் சாகும் தறுவாயில் உயிலின் பின்னிணைப்பில்தான் தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டவர் இவர். வழுக்குகிற ஆள் என்று சிலருக்கு எரிச்சல். மேசையில் ஐக்கன்ஹெட்டின் தாள்கள் கிடக்கும்போது நான் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்த பிறகு எனக்கு அந்த எரிச்சல் வருவதில்லை.

இதற்காக லொக்கை வீரனாக்கவும் தேவையில்லை. பொருள்களை வகைபிரிப்பது நாங்கள், இயற்கை கோடு போட்டுத் தரவில்லை என்பது அவருடைய இன்னொரு முக்கியமான வாதம். அதற்கு ஓர் உதாரணமாக, வெள்ளை மனிதர்களை மட்டும் கண்டு வளர்ந்த ஓர் ஆங்கிலேயப் பிள்ளை, மனிதன் என்ற கருத்துக்குள் வெள்ளை நிறத்தையும் சேர்த்துவிட்டு, கறுப்பர் மனிதர் அல்ல என்று தர்க்க சுத்தமாக நிரூபித்துவிட முடியும் என்று எழுதுகிறார். அந்த நிரூபணத்தின் கேவலத்தைக் காட்டத்தான் எழுதுகிறார். அதே மனிதர் அடிமை வியாபாரம் செய்த ரோயல் ஆபிரிக்கன் கம்பனியில் பங்கு வைத்திருந்தார். வாசிக்கும்போது இரண்டும் ஒன்றாகவே தெரியட்டும்.

அடுத்தது ஜோர்ஜ் பார்க்ளி. 1685இல் அயர்லாந்தில் பிறந்து, திரித்துவத்தின் பெயரைத் தாங்கிய டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் படித்து, அங்கேயே ஆய்வாளராக அமர்ந்து, திருச்சபையில் குருவானவர். 1710இல், 25 வயதில், மனித அறிவின் மூலதத்துவங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். கேள்வி எளிமையானது. சடத் திரவியம் குணங்களைத் தாங்குகிறது என்கிறீர்கள். எப்படித் தாங்குகிறது, தூண் கூரையைத் தாங்குகிற மாதிரியா? அப்படி இல்லை என்றால், தாங்குகிறது என்ற சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் மிச்சம்? மாம்பழம் என்பது நாங்கள் உணர்கிற நிறம், சுவை, மணம், தொடுகை எல்லாம் சேர்ந்ததுதான், அதற்குக் கீழே ஒளிந்திருக்கிற உணர்வற்ற ஒன்றைச் சேர்ப்பதால் ஒரு நன்மையும் இல்லை. சாமுவேல் ஜோன்சன் 1763இல் ஹாரிச் நகரில் ஒரு கல்லைக் காலால் உதைத்து இதை மறுத்துக் காட்டினார் என்று பொஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார். பாவம் ஜோன்சன், காலில் பட்ட நோவும் கல்லின் கடினமும் பார்க்ளியின் பட்டியலில் முதலே இருக்கின்றன.

பார்க்ளிக்கு இது பக்தி வேலை. உணர்வில்லாத சடம் தன்பாட்டில் நிற்கிறது என்று விட்டால் கடவுளுக்கு வேலை இல்லாமல் போகும், நாத்திகன் ஒளிகிற பொந்தே சடத் திரவியம்தான் என்பது அவருடைய கணக்கு. ஆன்மாவைத் தொடவில்லை. ஆனால் அதே கேள்வியை ஆன்மாவிடம் கேட்டால்? எண்ணங்கள் வருகின்றன, போகின்றன. அவற்றைத் தாங்குகிற ஆன்மத் திரவியத்தை யார் கண்டது?

இந்தக் கேள்வி ஹியூமுக்குத்தான் முதலில் வந்தது என்று நோட்ஸ் சொல்லும். 1707, 1708இல் பார்க்ளி தனக்காக எழுதிய குறிப்புப் புத்தகங்கள் 1871இல் அச்சுக்கு வந்தன. அவற்றில் மனம் என்பது உணர்வுகளின் ஒரு திரள், உணர்வுகளை எடுத்துவிட்டால் மனமும் இல்லை என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஹியூம் பிறப்பதற்கு முன்னரே எழுதியது! அதே குறிப்புகளில் இன்னோரிடத்தில், திருச்சபைக்கோ குருமாருக்கோ மனம் நோகிற மாதிரிச் சின்னப் பிடி கூடக் கொடுக்கக்கூடாது, மிகக் கவனம் என்று தனக்குத்தானே எச்சரிக்கை எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கருத்தை அவர் யோசித்துப் பார்த்துப் பிழை என்று விட்டாரா, பிடி கொடுக்கக்கூடாது என்பதற்காக விட்டாரா என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் அடிபடுகிறார்கள். என் ஊகம், இரண்டும் கலந்தது. ஏனென்றால் 1734இல் தன் உரையாடல் நூலின் புதுப் பதிப்பில் அவரே இந்த ஆட்சேபத்தை எதிராளியின் வாயில் வைத்து, நான் என்னை நேரடியாக அறிகிறேன், சடத்தை அப்படி அறியவில்லை என்று பதில் சேர்த்தார். ஆட்சேபம் மனதை அரிக்காத ஒருவர் இருபது வருடத்துக்குப் பிறகு அதைத் தேடிப்போய்ச் சேர்க்கமாட்டார். அந்த வருடம்தான் அவர் குளோய்ன் ஆயர் ஆனார்.

டேவிட் ஹியூம் பிறந்தது 1711இல், எடின்பரோவில். ஐக்கன்ஹெட் தூக்கில் தொங்கிப் பதினாலு வருடம். சின்னப் பெடியனாக அதே பல்கலைக்கழகத்துக்குப் போனவர். இருபதுகளின் நடுவில் செலவு குறைவு என்று பிரான்ஸில் லா ஃபிளேஷ் என்ற சிற்றூரில், டேக்கார்ட் படித்த யேசுசபைக் கல்லூரி இருக்கிற ஊரில் தங்கி, தன் முதல் நூலை எழுதினார். 1737இல் லண்டனுக்கு வந்து, அச்சுக்குக் கொடுக்கமுன் அதிலிருந்து அற்புதங்கள் பற்றிய பகுதியை வெட்டி எடுத்தார். நூலின் நல்ல உறுப்புகளையே நறுக்குகிறேன் என்று நண்பருக்குக் கடிதமும் எழுதினார். 1739இல் மனித இயல்பு பற்றிய ஆய்வுநூல் வந்தது. அட்டையில் பெயர் இல்லை.

அதில் திரவியத்துக்கு நடந்தது தெரிந்த கதை. புலன்வழியாக வந்ததென்றால் எந்தப் புலன்? கண்ணால் என்றால் அது நிறம், காதால் என்றால் ஒலி, நாவால் என்றால் சுவை. திரவியம் இவற்றில் எதுவும் இல்லை. உள்ளே திரும்பிப் பார்த்தால் சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு, நோவு என்று ஏதாவது ஓர் உணர்வில்தான் தட்டுப்படுகிறேன், நான் என்ற ஒன்றைத் தனியாகப் பிடிக்கவே முடியவில்லை. ஆகவே நான் என்பது உணர்வுகளின் ஒரு கட்டு. எங்கட நாட்டில் இதைப் படிக்கிற யாருக்கும் அனாத்மக் கொள்கையும், மிலிந்த பஞ்ஹவில் நாகசேனர் தேரைப் பகுதி பகுதியாகக் கேட்டு எது தேர் என்று மடக்குகிற இடமும் ஞாபகம் வராமல் இருக்காது. லா ஃபிளேஷில் அப்போது சியாமுக்குப் போய்வந்த டோலு என்ற யேசுசபைக் குரு இருந்தார், அவர்வழியாக ஹியூமுக்குப் பௌத்தம் தெரிந்திருக்கலாம் என்று அலிசன் கொப்னிக் 2009இல் ஒரு கட்டுரை எழுதினார். சுவாரசியமான கதை, சந்தர்ப்பச் சான்றுகள் மட்டும்தான். லொக்கையும் பார்க்ளியையும் ஒழுங்காகப் படித்தவருக்கு அந்தக் கதவு ஏற்கனவே அரைவாசி திறந்துதான் கிடந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கு முந்திய பகுதி, ஆன்மா சடமற்றது என்ற கொள்கையைப் பற்றியது. அந்தக் காலத்தில் ஸ்பினோசா என்றால் நாத்திகத்தின் மறுபெயர். இருப்பது ஒரே திரவியம், மற்றதெல்லாம் அதன் பாங்குகள் என்றவர். எண்ணங்கள் எல்லாம் பிரிக்கமுடியாத எளிய ஆன்மத் திரவியத்தின் பாங்குகள் என்று இறையியலாளர் சொல்கிறார்களே, அதுவும் ஸ்பினோசா சொன்னதும் ஒரே அச்சு என்று ஹியூம் வரிசையாகக் காட்டுகிறார். முகத்தில் சிரிப்பே இல்லாமல். ஆன்மத் திரவியத்தைக் காப்பாற்ற வந்தவர்களை நாத்திகக் கூட்டில் ஏற்றிவிட்டு, மதத்துக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை என்று கும்பிட்டு முடிக்கிறார். ஒரு வருடம் கழித்து மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில் அதே ஹியூம், இந்தக் கட்டைக் கட்டி வைத்திருப்பது எது என்று தனக்கு விளங்கவில்லை, தன் விளக்கத்தில் திருப்தி இல்லை என்று எழுதினார். ஏணியின் உச்சியில் நிற்கிறார் என்று நோட்ஸ் சொல்கிற ஆள், அங்கே நின்றுகொண்டு காலுக்குக் கீழே பார்க்கிறார்.

பெயர் போடாததால் பெரிய பயன் கிடைக்கவில்லை. 1745இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டபோது, அந்த நூலிலிருந்து பொறுக்கிய வரிகளைக் குற்றப்பட்டியலாக்கிச் சுற்றவிட்டார்கள், நகரத்துக் குருமார் எதிர்த்தார்கள், பதவி போயிற்று. சில வருடம் கழித்து கிளாஸ்கோவில் அளவையியல் பதவியும் கிடைக்கவில்லை. 1750களில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபையில் அவரை விசாரிக்கவேண்டும் என்று சிலர் முயன்றார்கள், நண்பர்கள் இருந்ததால் தப்பினார். யாரும் அவரைத் தூக்கிலிட நினைக்கவில்லை. ஐக்கன்ஹெட்டுக்கும் அவருக்கும் இடையிலான அரை நூற்றாண்டில் தண்டனை கழுத்திலிருந்து சம்பளத்துக்கு இறங்கியிருந்தது.

அந்த 1750களிலேயே ஆன்மாவின் அழியாமை பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதி அச்சுக்குக் கொடுத்தார். தொடக்கத்திலேயே திரவியம் வருகிறது: அந்தக் கருத்தே முழுக்கக் குழம்பியது, எனவே அதை வைத்து ஆன்மா அழியாது என்று நிரூபிக்க முடியாது என்கிறார். 1739இல் நானூறு பக்கத்துக்கு இடையில் ஒளித்துச் சொன்னது இங்கே சில வரியில், சுற்றிவளைக்காமல். அச்சடித்த பிறகு எதிர்ப்பு வரும் என்று தெரிந்து, புத்தகக் கட்டிலிருந்து அந்தத் தாள்களை வெட்டி எடுக்கச் சொன்னார். 1757இல் அது இல்லாமல்தான் தொகுப்பு வந்தது. 1776 ஓகஸ்ட்டில் ஹியூம் இறந்தார். அடுத்த வருடம் யாரோ அந்தக் கட்டுரையை லண்டனில் வெளியிட்டார்கள், அப்போதும் ஆசிரியர் பெயர் இல்லாமல்.